சகலையின் மிஷின்

நாகபூஷணம்: பேச்ச மாத்தாத அப்பாவு. ஆஸ்பத்திரில நம்மள உள்ள கூப்படறதுக்குள்ள சொல்லு, உன் நெஞ்சுல கீற மிஷின் இன்னா கம்பெனி?

அப்பாவு: உனுக்கு இன்னாத்துக்குண்ணா அதெல்லாம்? இந்தா, தண்ணி குடி.

நாகபூஷணம்: தண்ணி வாணாம். கம்பெனி சொல்லு.

அப்பாவு: கம்பெனி... நல்ல கம்பெனிதான். மெட்ராஸ்ல வெச்சாங்க. மயக்க ஊசி போட்டுட்டு நெஞ்சக் கிழிக்கறாங்க, நான் பேரு கேட்டுகினா இருப்பேன்?

நாகபூஷணம்: கார்டு குடுத்திருப்பாங்களே? பேஸ்மேக்கர் வெச்ச எல்லாருக்கும் குடுப்பாங்க. இதோ பாரு என்து. லேமினேஷன் பண்ணிகீறேன்.

அப்பாவு: என்து வூட்ல கீது. அரிசி டின்னுல.

நாகபூஷணம்: கார்ட யாராச்சும் அரிசி டின்னுல போடுவாங்களா? சரி உடு. இந்த மாடல் அமெரிக்காவுல பெரிய பெரிய ஆளுங்க நெஞ்சுல கீதுன்னு என் புள்ள சுதீரு சொன்னான்.

அப்பாவு: பெரிய ஆளுங்க நெஞ்சுல கீறது நகரி வரிக்கும் வந்து இன்னா பிரயோஜனம்? மூணு தபா உழுந்துட்ட.

நாகபூஷணம்: அத்தத்தான் நானும் கேக்கறேன்! புள்ள டல்லாஸ்லருந்து பாத்துப் பாத்து வெச்ச மிஷின். நான் உழறேன். ஓசில வெச்சிகினு வந்த நீ, விஜயபுரத்துல கல்லக்கா மூட்ட தூக்கிகினு திரியற. ஒரு நாளாச்சும் உனுக்கு தல சுத்திச்சா?

அப்பாவு: இல்ல.

நாகபூஷணம்: லைட்டா கூட?

அப்பாவு: ...இல்லண்ணா.

நாகபூஷணம்: செல்போன கூட எடது பக்க ஜோபியிலதான் வெச்சிகினு கீற. நான் வெச்சா டாக்டர் திட்டறாரு. திருமலையில செக்கிங் வாசல்ல நான் நொழஞ்சா கீன்னு கத்துது. பின்னாடியே நீ வந்த, கம்முனு கீது.

அப்பாவு: அதுக்கு என்ன ரொம்ப நாளா தெரியும்போல.

நாகபூஷணம்: சிரிக்காத. வயிறு எரியுது எனுக்கு.

அப்பாவு: காலைல துன்னியா?

நாகபூஷணம்: அந்த எரிச்சல் இல்ல.

அப்பாவு: எரிச்சலப் பத்தி நீ பேசாதண்ணா. என் பொண்ணு தேன்மொழி நிச்சயதார்த்தம். சம்மந்திங்க தட்டு மாத்தற நேரம். கரெக்டா நீ எழுந்து நின்ன, டமார்னு உழுந்த. போட்டோக்காரன் பதறிப்போயி உன் பக்கம் திரும்பிட்டான். ஆல்பத்துல தட்டும் இல்ல, பொண்ணும் இல்ல. நாலு பக்கத்துக்கு நீதான் வாயப் பொளந்துகினு படுத்துகீற.

நாகபூஷணம்: நான் வேணும்னா உழுந்தேன்?

அப்பாவு: கோயில் ஜாத்ரையில என்னக் கூப்ட்டு மால போடறேன்னாங்க. அம்பத்தெட்டு வருசத்துல முத தபா. நான் கழுத்த நீட்டிகினு நிக்கறேன். இவரு எழுந்து நின்னாரு, உழுந்தாரு. மாலயோட அத்தினி பேரும் உன்கிட்ட ஓடிட்டானுங்க. எனுக்குன்னு கட்டுன மாலயாலயே உனுக்கு விசிறனானுங்கண்ணா.

நாகபூஷணம்: மூணாவது தபா கக்கூஸ்ல உழுந்தேன். அங்க யாருக்கு மால போட்டாங்க? சொல்லு. உங்கண்ணி சுலோசனா கதவ ஒடச்சி வெளிய இழுத்தா. அதுவும் உன்மேல பொறாமப்பட்டு உழுந்ததுதானா?

அப்பாவு: நான் அப்பிடி சொல்லல.

நாகபூஷணம்: சொல்லு, தப்பில்ல. பொறாமதான். அதுக்குத்தான் இன்னிக்கி உன்ன இட்டாந்தேன். டாக்டர்கிட்ட பேசிட்டேன். என் சகல நெஞ்ச டெஸ்ட் பண்ணுங்க. உள்ள இன்னா மிஷின் கீதோ, அதே மிஷின எனுக்கு வையுங்க, இத்த கழட்டிடுங்கன்னேன்.

அப்பாவு: இன்னாது! துணைக்கு வான்னுதான கூப்ட்ட?

நாகபூஷணம்: நெசத்த சொன்னா வந்திருப்பியா?

அப்பாவு: மறுபடியும் நெஞ்சக் கிழிக்கறதா? பைத்தியமாண்ணா உனுக்கு?

நாகபூஷணம்: பவர்லூம் ஆறு கீது எனுக்கு. மாடி வூடு கீது. டல்லாஸ்ல புள்ள கீறான். உன்கிட்ட உருப்படியா கீறது ஒண்ணே ஒண்ணு, ஒழுங்கா ஓடற மிஷின். அதுவும் எனுக்கு இல்லன்னா எப்பிடி?

தரணி: நாகபூஷணம்காரு எவரண்டி? லோபலிக்கி ரண்டி.

நாகபூஷணம்: மேமேனம்மா, வஸ்துன்னாம்! ஏய், உள்ள கூப்படறாங்க, எழுந்து வா.

அப்பாவு: நீ போண்ணா. நான் வெளிய செருப்பப் பாத்துக்கறேன்.

தரணி: தமிழா? எனக்கு ஊரு சத்தியவேடு, வீட்ல தமிழ்தான். நான்தான் பேஸ்மேக்கர் செக் பண்றவ, பேரு தரணி. இவர்தான் உங்க சகலையா? டாக்டர் சொன்னாரு. ரெண்டு பேரும் வாங்க. ஐயா, நீங்க முதல்ல படுங்க. இந்த வட்டத்தை நெஞ்சு மேல வெச்சா, உள்ள நடந்ததெல்லாம் கம்ப்யூட்டர்ல வந்துடும்.

அப்பாவு: எல்லாமா?

தரணி: எல்லாம். எந்த கம்பெனி, என்னைக்கு வெச்சது, எப்ப எப்ப அடிச்சது...

அப்பாவு: அப்ப... ஒண்ணுமில்ல. நீ பாரும்மா.

தரணி: அருமையா இருக்கு ஐயா. விழுந்ததா சொன்ன மூணு நாளும் பார்த்துட்டேன். ஒரு துடிப்பு கூட தவறல.

நாகபூஷணம்: அப்ப நான் நடிக்கறனா?

தரணி: யார் சொன்னா? மயக்கம் நிஜம். காரணம் வேற எங்கயோ இருக்கு. படுத்தே இருங்க, பிரஷர் பாக்கறேன்... நூத்தி நாப்பது. இப்ப எழுந்து நில்லுங்க... ஐயோ, தொண்ணூறு! சகலை, புடிங்க அவரை! உக்காருங்க, உக்காருங்க. எழுந்து நிக்கறப்பதான் விழறீங்களா?

அப்பாவு: அட ஆமா. தட்டு மாத்தறப்பவும் எழுந்தாரு. ஜாத்ரையிலயும் எழுந்தாரு.

நாகபூஷணம்: கக்கூஸ்லயும்.

தரணி: என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க? அந்தப் பையைக் குடுங்க... இந்த அட்டை இங்க டாக்டர் எழுதினது. இந்தப் புட்டி?

நாகபூஷணம்: அது அமெரிக்காம்மா. சுதீரு அனுப்பனது. இதுல ஒண்ணு, அதுல ஒண்ணு, காலைல வெறும் வயித்துல.

தரணி: ரெண்டும் ஒரே பிரஷர் மருந்து ஐயா. கம்பெனி பேருதான் வேற வேற. டபுளா முழுங்கிட்டு எழுந்தா தலை சுத்தாம என்ன செய்யும்? டாக்டர் வந்ததும் காட்டறேன். ஒண்ணை நிறுத்தச் சொல்லுவாரு.

நாகபூஷணம்: இங்கத்திய மாத்திரையும் அமெரிக்கா மாத்திரையும் ஒண்ணா? அந்த மூடியப் பாரும்மா. அமுக்கித் திருப்பனாதான் தொறக்கும்.

தரணி: மூடி வேறதான். மருந்து ஒண்ணுதான்... ஐயா, இந்த லேபிள்ல உங்க பேர் இல்லையே. நாராயணசாமின்னு இருக்கு.

அப்பாவு: எந்த நாராயணசாமி? உங்க தெருவா? போன வருசம் பேரப்புள்ளயப் பாக்க அமெரிக்கா போய்ட்டு வந்தாரே, அவரா?

நாகபூஷணம்: ...பேரத் தப்பா அச்சடிச்சிட்டானுங்க.

அப்பாவு: டல்லாஸ்லயா? அண்ணா.

நாகபூஷணம்: அவரு திரும்பி வரச்சொல்ல மிச்சம் இருந்திச்சி. குடுத்தாரு.

அப்பாவு: அப்ப சுதீரு?

நாகபூஷணம்: அவனுக்கு வேல ஜாஸ்தி.

அப்பாவு: ஆபரேஷன் நடக்கச்சொல்ல பூரா நேரமும் போன்லயே இருந்தான்னியே?

நாகபூஷணம்: எட்டு நாள் கழிச்சிப் பண்ணான். அப்பால மூணு தபா பண்ணான்.

அப்பாவு: மூணு தபாதானா?

நாகபூஷணம்: மூணு தபாதான உழுந்தேன்? அப்பிடிப் பாக்காத. நீ பாவம் பாக்கற அளவுக்கு நான் இன்னும் எறங்கல. இத்தினி வருசமா என் புள்ளயப் பாத்து நீ வயிறு எரிஞ்சிகினு இருந்தியே, அப்பிடியே எரி. அதான் எனுக்கு மரியாத. அம்மா தரணி! மாத்திரக் கதயெல்லாம் அப்பால. இவன் மிஷினப் பாரு.

அப்பாவு: இன்னிக்கி அமாவாசம்மா.

தரணி: மிஷினுக்கு ஏது அமாவாசை? பட்டனைக் கழட்டுங்க... தழும்பு இவ்வளவு சின்னதா இருக்கே?

நாகபூஷணம்: பாத்தியா! தழும்பு கூட சின்னது. எனுக்கு நாலு வெரக்கட கிழிச்சி வெச்சிகீறானுங்க.

தரணி: இருங்க... ஒண்ணும் வரலையே.

நாகபூஷணம்: நல்லா அமுக்கி வையிம்மா.

தரணி: அமுக்கித்தான் வெச்சிருக்கேன். கம்ப்யூட்டர்ல ஒரு கோடு கூட வரல. தொட்டா கைக்கும் ஒண்ணும் தட்டுப்படல.

நாகபூஷணம்: அதான் நானும் சொல்றேன்! என்து பாரு, தீப்பெட்டியாட்டம் தோல் மேல தூக்கிகினு நிக்குது. இவன்து கீற எடமே தெரியல, ஆனா ஒரு தபா கூட இவன உழ உடல. இத்த வெச்சாந்தான் நான் மனுசன். எங்க கையெழுத்துப் போடணும்? பேனா குடும்மா. நாளைக்கே கழட்டுங்க.

தரணி: சகலை... நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?

நாகபூஷணம்: இன்னாடா சொல்லணும்? கம்பெனி பேரா? இப்பவாச்சும் வாயத் தொற.

அப்பாவு: பேனாவக் கீழ வையிண்ணா. உள்ள மிஷினே இல்ல. புத்தூர்ல கொழுப்புக் கட்டி எடுத்த எடம் இது, மூணு தையல். நீ ஆஸ்பத்திரிலருந்து வந்த அன்னிக்கி ஊரே சாத்துக்குடி எடுத்துகினு உன் வூட்டு வாசல்ல நின்னுச்சி. என் நெஞ்சுல போட்டிருந்த பேண்டேஜப் பாத்துட்டு ஒருத்தரு, உனுக்குமா மிஷின்னு கேட்டாரு. நான் இல்லன்னு சொல்லல. மெட்ராஸ்ல வெச்சாங்கன்னு சேத்துகினது என் பொண்டாட்டி சுந்தரம்மா, அவ அக்காவுக்குக் கேக்கறாப்பல... அந்த வாரம் என் வூட்டுக்கும் சாத்துக்குடி வந்துச்சிண்ணா.