கேபிளைக் கழட்டிப் பாரு

— முடியாதுண்ணா. டெஸ்ட் ரிப்போர்ட்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன். வலிப்பு வந்து விழுந்தா தானா மணி அடிக்கும்னு சொல்லி, அடிக்காத பட்டனை விக்கக் கூடாது.

— தாயே! நாளைக்கு ஆஸ்பத்திரிக்காரங்க வந்து நிக்கப் போறாங்க. இப்பப் போய் அடம் பிடிச்சா எப்படி? டெஸ்ட்ல ஜம்முன்னு வேலை செஞ்சுதே, நீதானே குதிச்சே!

— குதிச்சேன். கேபிள் மாட்டியிருந்தப்ப.

— கேபிள் இல்லாம மெஷின்ல எப்படிம்மா அளக்கறது?

— அதான் கூத்தே. நம்ம ஆன்டெனா நகத்துல பாதி. அதுக்கு சிக்னல் அனுப்பத் தெம்பே இல்ல. அளக்கறதுக்குன்னு நீட்டமா கேபிளை மாட்டினோம்ல, அந்த கேபிளே ஆன்டெனாவா மாறி ஊருக்கே கூவிடுச்சு. பட்டன்தான் கூவுதுன்னு நினைச்சு நாம கை தட்டினோம்.

— சரி, கழட்டிட்டா?

— மேஜையில வெச்சா முனகுது. சட்டையில குத்தினா அதுவும் போச்சு. உடம்பு பக்கத்துல வந்தாலே ட்யூனிங் நழுவுது. மிச்சத்தை உடம்பு முழுங்கிடுது.

— கேளு, பவரைக் கூட்டிடு. அவ்ளோதானே?

— ஓட்டை வாளியில எவ்வளவு ஊத்தினா என்ன? எல்லாம் சூடாத்தான் போகும். பேட்டரி சாயங்காலம் வரைக்கும் தாங்காது.

— அப்ப என்னதான் வேணும் உனக்கு?

— இடம். தீப்பெட்டி அளவு இடம் குடு, ஒழுங்கா கேக்க வெக்கறேன்.

— தீப்பெட்டியா! யார் கண்ணுக்கும் தெரியாதுன்னு சொல்லித்தானே ஆர்டரே பிடிச்சேன். கழுத்துல தீப்பெட்டி தொங்கினா பாக்கறவன் என்ன நினைப்பான்?

— என்ன வேணா நினைச்சுட்டுப் போகட்டும். முதல்ல நான் மாட்டிக்கறேன்.

— கேளு, உனக்கு வெக்கமா இருக்கக் கூடாதுன்னுதானே இந்தக் கம்பெனியே ஆரம்பிச்சேன்? ஸ்கூல்ல நீ விழுந்தப்ப எல்லாரும் எப்படிச் சிரிச்சாங்க!

— வெக்கப்பட்டது நீ. நான் இல்ல.

— நல்லா இருக்கு! ராப்பகலா உனக்காக அலையறவனுக்கு நல்ல மரியாதை.

— நீ அலையறது எனக்குத் தெரியும்ணா. அதுக்காக எவளோ ஒருத்தி குளியலறையில விழுந்து கிடக்கணுமா? வேற ஆளை வெச்சுக் கையெழுத்து வாங்கினா, நாளைக்கு ஆஸ்பத்திரிக்காரங்க முன்னாடியே கேபிளைக் கழட்டிக் காட்டுவேன்.

— மிரட்டறியா? கேளு, பத்து பேர் இருக்கற இடத்துல யாருக்காவது கேக்காமலா போயிடும்? பக்கத்து ரூம் வரைக்குமாவது சிக்னல் போகும்ல?

— போகாது.

— நீ என்ன, போட்டுப் பாத்தியா?

— பாத்தேன். நேத்து மத்தியானம் இதே தரையில கிடந்தேன். பட்டன் சட்டையில இருந்துச்சு, மணி உன் மேஜை மேல இருந்துச்சு. நான் கண்ணு முழிச்சப்ப, சுவத்துக்கு அந்தப் பக்கம் நீ ஆஸ்பத்திரிக்காரங்ககிட்ட போன்ல சிரிச்சுப் பேசிட்டிருந்தே.