ரவுட்டர் டாக்டர்

ரவுட்டரை டிவிக்குப் பின்னால் வைக்காதீர்கள், மச்சான். உள்ளே நுழைந்ததும் முதலில் என் கண்ணில் பட்டது அதுதான். முன்னால் டிவி, பக்கத்தில் இரும்பு பீரோ. பாவம், அது எங்கே மூச்சு விடும்? அலமாரி மேல் ஏற்றிவிட்டால் சமையலறை வரைக்கும் பளிச்சென்று நெட் கிடைக்கும். சரி, அதை அப்புறம் பார்ப்போம். உங்கள் தங்கை உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறாள். நீங்கள் என்னை முறைத்துக்கொண்டு, நடந்ததை மறைக்காமல் சொல் என்கிறீர்கள். சொல்கிறேன். மறைக்கிற அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை.

நான் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவன். நெட்வொர்க் என் தொழில் இல்லை. ஆனாலும் சொந்தத்தில் யார் வீட்டில் நெட் படுத்துவிட்டாலும் எனக்குத்தான் போன் வரும். ரவுட்டர் டாக்டர் என்று பெயர் வைத்ததே நீங்கள்தான். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. லென்ஸ் மாற்றிப் பார்க்கிற மாதிரிதான் இதுவும். ஒரு செட்டிங்கை மாற்று, இப்போது தேவலையா என்று கேள், இல்லையென்றால் அடுத்தது. பொறுமை இருந்தால் போதும், அது என்னிடம் நிறைய உண்டு.

எங்கள் வீடு உங்களுக்குத் தெரியும். சுற்றிலும் உயரமான கட்டடங்கள், நடுவில் தரைத்தளத்தில் நாங்கள். செல்போன் சிக்னல் உள்ளே எட்டிக்கூடப் பார்க்காது. யாரோடு பேசுவதென்றாலும் வைஃபைதான். அதாவது, என் ரவுட்டர்தான்.

கட்டட வரைபடம் போடுவதில் உங்கள் தங்கை கெட்டிக்காரி. பழைய ஆபீஸை மூடியதும் வேறு வேலை தேட ஆரம்பித்தாள். வந்ததெல்லாம் வெளியூர் வேலை. "வாரக் கடைசியில வந்துடுவேங்க. அப்புறம் நீங்களும் அங்கேயே ஒரு கடை பாத்துக்கலாம்" என்றாள். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். உள்ளுக்குள் பயந்து செத்தேன், மச்சான். நான் வீடு திரும்பும்போது அவள் செருப்பு வாசலில் கிடக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். போகாதே என்று சொல்லியிருக்கலாம், சொன்னால் சண்டை வரும். எனக்குச் சண்டை ஆகாது.

ரவுட்டருக்கென்று என் போனில் ஒரு ஆப் இருக்கிறது. வீட்டில் இருக்கிற போன், லேப்டாப், டிவி எல்லாம் அதில் வரிசையாகத் தெரியும். ஒன்றைத் தொட்டு, அதற்கு மட்டும் வேகத்தைக் குறைத்து வைக்கலாம். வீடு முழுக்க நெட் பறக்கும், அது மட்டும் நொண்டும். முதல் நேர்காணலின்போது அவள் லேப்டாப்பை நொண்ட வைத்தேன். கடையில் ஒருவரை எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லிவிட்டு இரண்டு தட்டு தட்டினேன், வேலை முடிந்தது. திரையில் அவள் வாயைத் திறந்தபடி உறைந்து நின்றிருப்பாள். "அப்புறம் கூப்பிடறோம்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். அடுத்த தடவை சாமர்த்தியமாகப் போனிலிருந்து பேசினாள். அதனால் போனையும் சேர்க்க வேண்டியதாகிவிட்டது.

சாயங்காலம் வந்ததும் ரவுட்டரைக் கழற்றித் துடைப்பேன், ஒயரை மாற்றுவேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து டார்ச் அடிப்பாள். "எனக்காக எவ்வளவு மெனக்கெடறீங்க" என்பாள். அதெல்லாம் சந்தோஷமான நேரம். போகப் போக, "என் ராசியே இப்படித்தான் போல" என்று விண்ணப்பம் போடுவதையே விட்டுவிட்டாள். அழுதபோதெல்லாம் நான்தான் தேற்றினேன். வேண்டுமானால் அவளையே கேட்டுப் பாருங்கள்.

அதன்பிறகு அந்த வேக வரம்பை எடுத்திருக்கலாம். மறந்துவிட்டேன் என்று உங்களிடம் சொல்லலாமென்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். மறக்கவில்லை. மறுபடி ஆசை வந்துவிட்டால் என்ன செய்வது என்று அப்படியே விட்டுவைத்தேன்.

அத்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது எங்களுக்கு மறுநாள் ரயிலுக்குத்தான் டிக்கெட் கிடைத்தது. மத்தியானம் நீங்கள் வீடியோ காலில் வந்தீர்கள். "பாப்பா, அம்மா உன்னைத்தான் கேக்கறாங்க. முகத்தைக் காட்டு, சீக்கிரம்" என்றீர்கள். அதுவரைக்கும் கேட்டது. அப்புறம் படம் நின்றது, குரல் அறுந்து அறுந்து வந்தது. "அம்மா, நான் தெரியறேனா, தெரியறேனாம்மா" என்று இவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். சட்டென்று என் பக்கம் திரும்பி, "உங்க போனைக் குடுங்க" என்றாள்.

என் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். என் போனில் அத்தை முகம் கண்ணாடி மாதிரி தெரிந்திருக்கும். அதே வீடு, அதே ரவுட்டர். இவள் போனில் மட்டும் ஏன் வரவில்லை என்ற கேள்வி வராதா? "சார்ஜ் இல்லம்மா" என்றேன். சார்ஜ் நிறையவே இருந்தது. அந்த இரண்டு தட்டைத் தட்டி வரம்பை எடுத்திருக்கலாம்தான். ஆனால் அவள் என் தோளை ஒட்டி நின்றாள், திரையைப் பார்த்துவிடுவாள். சும்மா நிற்கவும் முடியாதே. "இரு, ஆஃப் பண்ணிப் போடறேன், சரியாயிடும்" என்று ரவுட்டரை அணைத்தேன். அறுந்து வந்த குரலும் போயிற்று.

அது மறுபடி உயிர் பெறக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், உங்களுக்கே தெரியும். அவள் காத்திருக்கவில்லை. சிக்னல் தேடி வெறுங்காலோடு தெருமுனைக்கு ஓடினாள். அங்கே சிக்னல் கிடைத்தபோது நீங்கள் அழுதுகொண்டிருந்தீர்கள்.

எல்லாம் முடிந்து வீடு திரும்பிய பிறகு, அத்தையின் பழைய வீடியோக்களைப் பார்க்க உட்கார்ந்தாள். சுற்றிக்கொண்டே இருந்தது, ஓடவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை, மச்சான். வரம்பை எடுத்துவிட்டேன். சொடக்குப் போடுகிற நேரத்தில் அத்தை சிரித்துக்கொண்டே வந்துவிட்டார். "எப்படிங்க?" என்று நிமிர்ந்தாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். டாக்டர் பட்டம் வாங்கியவன் சும்மா இருப்பேனா? "ஒரே ஒரு செட்டிங்தான், மாத்திட்டேன்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அவள் கையை நீட்டினாள். இந்தத் தடவை சொல்ல ஒரு சாக்கும் தோன்றவில்லை, போனைக் கொடுத்தேன். வரம்பை எடுத்திருந்தாலும், அதைப் போடுகிற பக்கத்தில் அவளுடைய லேப்டாப்பின் பெயரும் போனின் பெயரும் மட்டும் இன்னும் இருந்தன.

"அன்னிக்கு உங்க போனைக் கேட்டேனே" என்றாள். பெட்டியை எடுத்துக்கொண்டு இங்கே வந்துவிட்டாள்.

இவ்வளவுதான். நான் குடிக்கிறவன் இல்லை, கை ஓங்கினதில்லை, ஒரு கடுமையான சொல் சொன்னதில்லை. அவளை என்னோடு வைத்துக்கொள்ள நினைத்தேன், அது ஒரு குற்றமா?

உள்ளே பேச்சுக் குரல் கேட்கிறதே. நேர்காணலா? நல்லது. அழகாகப் பேசுகிறாள், ஒரு இடத்திலும் நிற்கவில்லை. ஆனால் ரவுட்டர் டிவிக்குப் பின்னால் இருக்கிறவரைக்கும் நம்ப முடியாது, மச்சான். நடுவில் நின்றுவிட்டால் மறுபடியும் மனசு உடைந்துபோவாள். எனக்கு அது தாங்காது. நீங்கள் உட்காருங்கள், ஸ்டூலை நானே எடுத்துக்கொள்கிறேன். பாஸ்வேர்டை மட்டும் சொல்லுங்கள்.