துறைமுகத்தில் கொக்கு ஓட்டுகிறார்

தலைக்கு மேலே சுற்றும் மின்விசிறியின் சத்தத்தையும், இனி வரப்போகும் என் சத்தத்தையும் ஒருசேரத் தாங்குவதற்காகவே தலைமை தாங்க வந்திருக்கும் நம் வாசகசாலைத் தலைவர் குணசேகரன் அவர்களே, வேலை முடிந்த களைப்போடு வீட்டுக்குப் போகாமல் நேரே இங்கே வந்திருக்கும் எண்ணூர், காட்டுப்பள்ளி, திருவொற்றியூர்த் தோழர்களே, என்னைப்போல் முழங்கால் வலியோடு படியேறி வந்த பெரியவர்களே, அடுப்பை அணைத்துவிட்டு வந்த தாய்மார்களே, அணைத்தோமா இல்லையா என்று இப்போது யோசித்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே, முன்னால் பாய் விரித்து அமர்ந்திருக்கும் இந்தக் கூட்டத்தின் உண்மையான சிறப்பு விருந்தினர்களாகிய குழந்தைகளே, உங்கள் அனைவரையும் ஆவுடையம்மாள் கைகூப்பி வணங்குகிறேன்.

நூலை வாழ்த்திப் பேசுங்கள் என்று சொல்லி என்னை அழைத்தார்கள். வாழ்த்துவது என் வழக்கமில்லை. பிழை பார்ப்பதுதான் என் வழக்கம். இராயபுரத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்தவள் நான். அங்கே ஓர் ஒற்றெழுத்தை விட்டால் சாப்பாட்டு மணியை விட வேண்டியிருக்கும். என் கணவர் அரிசி மண்டி வைத்திருந்தார். ஒருமுறை சாக்குகளில் ‘பொண்ணி’ என்று அச்சடித்து வந்தது. மூன்று சுழி அரிசி என் கடையில் இறங்காது என்று லாரியை அப்படியே திருப்பி அனுப்பினேன். அவர் இன்று இருந்திருந்தால் அதோ அந்த நாற்காலியில் உட்கார்ந்து, “அந்த லாரி வாடகை யார் தலையில் விழுந்தது, அதையும் சொல்லு” என்றிருப்பார். இப்போதும் விம்கோ நகர்க் கடைத்தெருவில் நான் நடந்து வந்தால், பெயர்ப்பலகை எழுதுகிறவர் ஏணியிலிருந்து இறங்கிவிடுகிறார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரிப்பைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இந்தப் புத்தகத்தைப் பாருங்கள். பின்னால் இருப்பவர்களுக்காக உயர்த்திப் பிடிக்கிறேன். அட்டையிலே ஒரு கொக்கு. குளத்துக் கொக்கு அல்ல, காட்டுப்பள்ளித் துறைமுகத்துக் கொக்கு. ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட கொக்கு. அதன் முதுகில் கண்ணாடி அறை, அறைக்குள்ளே ஓர் அப்பா. அலகால் கண்டெய்னரைக் கவ்வி எடுக்கிறது. ஒரு பெட்டியில் ஐஸ்கிரீம், ஒரு பெட்டியில் ஒட்டகச்சிவிங்கி, ஒரு பெட்டியில் யாரோ ஊருக்கு அனுப்பிய மழை. எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர் லாரிகள் நகராமல் நிற்கும்போது, பிள்ளைகள் இருக்கும் பள்ளி ஆட்டோவை அலுங்காமல் தூக்கி, லாரிகளின் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்ப் பள்ளி வாசலில் வைக்கிறது. கைதட்டுகிறீர்களே, தாய்மார்களே, இது படப்புத்தகம்தான். நாளைக் காலையில் வாசலில் நின்று வானத்தைப் பார்க்காதீர்கள்.

இன்னொரு பக்கம். வேலை முடிந்த கொக்கு, கழிமுகத்தில் கால் நனைத்துவிட்டு வீட்டுக்கு வருகிறது. உடம்பெல்லாம் அனல்மின் நிலையத்துச் சாம்பல். அம்மா கதவைத் திறக்காமலே சொல்கிறாள்: “கலீஜா கீது. மொதல்ல குளிச்சுட்டு வா.” ஆம், ‘கீது’ என்றுதான் அச்சில் இருக்கிறது. பேசுகிற வாய் பேசுகிறபடி பேசட்டும், கதை சொல்கிற வரி இலக்கணப்படி நிற்கட்டும். இது நானும் இந்த நூலின் ஆசிரியையும் செய்துகொண்ட உடன்படிக்கை. ஆசிரியைக்கு வயது எட்டு. பெயர் அனிஷா.

இந்தக் கொக்கு எங்கே பிறந்தது தெரியுமா? கூட்டிலா? குளக்கரையிலா? கூடிச் சிரித்த ஒரு வகுப்பறையிலே பிறந்தது.

அனிஷாவின் தந்தை பிராங்கிளின் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அவள் பள்ளியில் தமிழ் வகுப்பு. உங்கள் அப்பா என்ன வேலை செய்கிறார், ஓர் ஆங்கிலச் சொல்கூடக் கலக்காமல் சொல்லுங்கள் என்பது பாடம். நல்ல பாடம், நானே வைத்திருக்கக்கூடிய பாடம். குழந்தை எழுந்தாள். கிரேனுக்குத் தமிழ் என்ன? யாரும் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை. ஆனால் மழலையர் வகுப்பில் ஒரு படம் பார்த்திருக்கிறாள். ஆங்கில எழுத்துகளில் மூன்றாவது எழுத்து, அதற்குக் கிரேன் என்ற பறவை, அதன் கீழே தமிழில் ‘கொக்கு’. குழந்தை யோசித்தாள், கூட்டினாள், சொன்னாள்:

“எங்கள் அப்பா துறைமுகத்தில் கொக்கு ஓட்டுகிறார்.”

எழுவாய் சரி. பயனிலை சரி. உச்சரிப்பு சரி. நான் எழுதிப் பார்த்துவிட்டேன், அந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் வகுப்பு சிரித்தது. சிரித்து ஓய்ந்திருந்தால் பரவாயில்லை. மறுநாள் அவள் உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் ஒற்றைக் காலில் நின்றார்கள். “கொக்கு வருதுடா, மீனை மறைச்சு வைங்கடா” என்றார்கள். அடுத்த நாளும் நின்றார்கள். அதற்கு அடுத்த நாள், அனிஷா பள்ளியில் வாய் திறப்பதை நிறுத்திவிட்டாள்.

பதில் தெரிந்தாலும் சொல்வதில்லை. பெயர் கூப்பிட்டால் கை மட்டும் தூக்குவாள். தண்ணீர் வேண்டுமென்றால்கூடக் கேட்பதில்லை. ஆண்டிறுதி வாய்மொழித் தேர்வில் வாய் திறக்காவிட்டால் இதே வகுப்பில் இன்னொரு வருடம் உட்கார வேண்டியதுதான் என்று பள்ளியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். அவளுடைய வகுப்பாசிரியை இதோ இந்தக் கூட்டத்தில் இருக்கிறார். அன்று தாமும் ஒரு கணம் சிரித்ததாக அவரே என்னிடம் சொன்னார். அம்மா, நீங்கள் வந்ததற்கு நன்றி. தலை குனியாதீர்கள். வருத்தத்தோடு வந்தவருக்கு இந்த மன்றத்தில் இடமுண்டு.

பிராங்கிளின் என்ன செய்தார் தெரியுமா? அதுவரை வேலைச் சட்டையோடு, தலைக்கவசத்தைக் கையில் ஆட்டிக்கொண்டு தெருவுக்குள் வருகிறவர், அன்று முதல் துறைமுக வாசலிலேயே சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். அதைக் கவனித்தவள் மாடி வீட்டுக் கார்குழலி. வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்த பெண். பேனர் கடையில் வேலை. பிறந்தநாளுக்கும் அவள் வடிவமைப்பாள், கண்ணீர் அஞ்சலிக்கும் அவளே வடிவமைப்பாள். படிக்கட்டில் நிறுத்திக் கேட்டிருக்கிறாள்.

“இன்னாண்ணா, கெட்டப்பு மாறிக்கினே போவுது? பேங்க் வேலையா கெடச்சிருச்சு?”

“போம்மா, நீ வேற பேஜாரு பண்ணாத.”

“சொல்லுண்ணா.”

“என் வேலையாலதான் என் பொண்ணு வாய மூடிக்கினா. அந்தச் சட்டையப் பாத்தா அதுக்கு இன்னும் கஷ்டமா இருக்குமே.”

இதற்குக் கார்குழலி ஆறுதல் சொல்லவில்லை. அறிவுரை சொல்லவில்லை. அச்சில் வீணான ஒரு பேனரைத் திருப்பிப் போட்டாள். அதன் வெள்ளைப் பக்கத்தில், ஆள் உயரத்துக்கு ஒரு கொக்கை வரைந்தாள். முதுகில் கண்ணாடி அறை. அறைக்குள் பிராங்கிளின். கொண்டுவந்து அவர்கள் வீட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

குழந்தை பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

“அக்கா, ஹெல்மெட் இல்லாம உள்ள வுட மாட்டாங்க.”

“அப்பாவுக்குதான் போட்டுக்கீறேனே.”

“கொக்குக்கு.”

“ஐயையோ, ஆமால்ல? ஷூ?”

“ரெண்டு காலுக்கும் வேணும். ஒத்தக் கால்ல நின்னாலும் ரெண்டு ஷூ குடுப்பாங்க.”

பெரியவர்களே, எந்த ஒற்றைக் காலைக் காட்டிக் கேலி செய்தார்களோ, அந்த ஒற்றைக் காலுக்குக் குழந்தை காலணி போட்டாள். எந்தச் சொல் வாயை மூடியதோ, அந்தச் சொல்லை விரலால் பிடித்து, வண்ணம் பூசி, வானத்தில் ஏற்றினாள். குழந்தை சொல்லச் சொல்லக் கார்குழலி வரைந்தாள். அவள் வரைய வரைய இவள் வளர்த்தாள். பக்கத்துக்குப் பக்கம் ஒரு பெட்டி, பெட்டிக்குப் பெட்டி ஒரு புதுமை. அப்படி வந்ததுதான் இந்தப் புத்தகம்.

பிறகுதான் அது பிழை திருத்த என்னிடம் வந்தது. கருணை காட்டவில்லை. ‘ஒட்டகசிவிங்கி’ என்று இருந்தது, ‘ச்’ போட்டேன். லாரிக்கு வல்லின ‘றி’ போட்டிருந்தார்கள், மாற்றினேன். குழந்தைப் புத்தகம்தானே என்று சொல்லிப் பிழையை விடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. பெரியவர்கள் பிழையோடு படித்தால் பெரியவர்களோடு போகும். குழந்தைகள் படித்தால் குடியேறிவிடும்.

இப்போது, தலைவரே, உங்களிடம் வருகிறேன். கோபிக்கக் கூடாது. இந்த நூலை வெளியிடும் நம் வாசகசாலைக் குழுவில் நீங்கள் ஒரு யோசனை சொன்னீர்கள். முதல் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்புப் போடலாம், ‘கொக்கு என்பது பிழை, பாரந்தூக்கி என்பதே சரியான சொல்’ என்று. நல்லெண்ணத்தோடுதான் சொன்னீர்கள். ஆவுடையம்மாள் உடனே ஒப்புக்கொள்வாள் என்றும் நினைத்தீர்கள். நான் மாட்டேன் என்றேன். ஏன் என்று அன்று கேட்டீர்கள். இன்று ஊரறியச் சொல்கிறேன்.

அந்த இரும்புக்கு ஆங்கிலத்தில் கிரேன் என்று ஏன் பெயர் வந்தது? கிரேன் என்பது நெடுங்கழுத்துப் பறவையின் பெயர். அதைப்போலக் கழுத்து நீட்டி நின்ற மரச் சட்டத்தை ஒருவன் பார்த்தான், பறவையின் பெயரைச் சூட்டினான். அவன் சொன்னபோது உலகம் அகராதியில் ஏற்றியது. அதே இரும்பைப் பார்த்து, அதே பறவையின் பெயரை, எண்ணூரில் ஒரு குழந்தை தன் தாய்மொழியில் சொன்னாள். அப்போது என்ன செய்தோம்? சிரித்தோம். அவன் சொன்னால் சொல், இவள் சொன்னால் பிழையா? அவன் பார்த்தது உவமை, இவள் பார்த்தது உளறலா? கடல் கடந்து வந்தால் கலைச்சொல், கடற்கரையில் பிறந்தால் கேலிச்சொல்லா?

பாரந்தூக்கி நல்ல தமிழ்தான். தேர்வில் அதை எழுதட்டும், மதிப்பெண் பெறட்டும். ஆனால் பாரந்தூக்கிக்குச் சிறகு உண்டா? பாரந்தூக்கி குளித்துவிட்டு வருமா? பிழை என்றால் என்னவென்று அறிந்தவள் சொல்கிறேன். தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதுவது பிழை. சோம்பலில் ஓர் எழுத்தை விடுவது பிழை. தெரிந்த ஒன்றைக் கொண்டு தெரியாத ஒன்றைத் தொட்டுப் பார்ப்பது பிழையா? மொழி பிறப்பதே அந்த வழியில்தானே? இன்று அகராதியில் அமர்ந்திருக்கும் சொற்களையெல்லாம் ஒருநாள் யாரோ ஒருவர் முதன்முதலாகச் சொன்னார். அன்று பக்கத்தில் இருந்தவர்கள் ஒற்றைக் காலில் நின்று கேலி செய்திருந்தால், நமக்கெல்லாம் பேச மொழி மிஞ்சியிருக்குமா?

பெற்றோர்களே, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். குழந்தை தவறாகச் சொன்னால் திருத்துங்கள். திருத்தாமல் விடாதீர்கள், எனக்குப் பிடிக்காது. ஆனால் திருத்துவதற்கு முன்னால், எங்கிருந்து எடுத்தாய் இந்தச் சொல்லை என்று ஒருமுறை கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவர்கள் வாய் திறக்கும். சிரிப்புக்கு மூடிக்கொள்ளும்.

அனிஷா இதோ மூன்றாம் வரிசையில், தன் தந்தைக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கிறாள். அவள் வகுப்புப் பிள்ளைகள் முன்வரிசையில் இருக்கிறார்கள். வீட்டில் அருவிபோலப் பேசுகிறவள் இவர்கள் முன்னால் இன்றுவரை பேசியதில்லை. அவளை மேடையேற்றி ஒரு பக்கம் படிக்க வைக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். வேண்டாம் என்று தடுத்தவள் நான். வாய் அவளுடையது, வேளையும் அவளுடையதாக இருக்கட்டும். கார்குழலி, நீ மட்டும் எழுந்து நில். கூச்சப்படாதே. கைதட்டல் உனக்குத்தான்.

நன்றி சொல்லி முடிக்கலாம் என்று பார்த்தால், முன்வரிசையில் ஒரு கை உயர்கிறது. யாரம்மா? சிவந்தியா? அனிஷாவின் வகுப்புத்தானே நீ? சொல். சத்தமாகச் சொல், பின்னால் கேட்கவில்லை. சரி, நானே சொல்கிறேன். ஐந்தாம் பக்கத்தில் கொக்கு அலகில் கண்டெய்னரை வைத்துக்கொண்டு நிற்கிறதாம். “அதுக்குத் தூக்கம் வந்துருச்சுன்னா கண்டெய்னர் கீழ வுழுந்துடாதா?” என்று கேட்கிறாள்.

தலைவரே, உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது. நான் ஒற்றெழுத்துப் பார்த்தவள் மட்டும்தான். ஆசிரியை இருக்கும் சபையில் நான் பதில் சொல்வது முறையாகாது.

யாரும் பேசாதீர்கள். திரும்பிப் பார்க்காதீர்கள். சற்று நேரம் சும்மா இருப்போம். மின்விசிறி மட்டும் பேசட்டும்.

பிராங்கிளின், நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

கேட்டீர்களா? கேட்டதா, பின்வரிசைக்கு? ஒலிபெருக்கி இல்லாமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்: “வுழாது சிவந்தி. நைட் ஷிஃப்டு கொக்கு வந்து மாத்திவுடும்.”

சிரியுங்கள். அதோ அவளும் சிரிக்கிறாள் பாருங்கள், சிவந்தியும் சிரிக்கிறாள். சிவந்தி, அங்கிருந்து கத்தாதே, பாயை விட்டு எழுந்து அவளிடம் போய் உட்கார். அடுத்த கேள்வியை அங்கேயே கேட்டுக்கொள். நாங்கள் குறுக்கே வரமாட்டோம்.

இனி இந்த மேடையில் நான் சொல்ல ஒன்றும் இல்லை. இடம் தந்த மன்றத்தாருக்கும், பொறுத்துக்கொண்ட தலைவருக்கும், வாய் திறந்த ஆசிரியைக்கும், காது கொடுத்த உங்களுக்கும் நன்றி. மெல்ல எழுந்து செல்லுங்கள். மூன்றாம் வரிசையில் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. வணக்கம்.