குவாரி ரோட்டுப் பந்தல்

ஹலோ... ஆங், அனுசுயாதான் பேசுறேன். சொல்லுங்க பஞ்சாட்சரண்ணே... இல்ல, டிப்பர் ஒண்ணும் போவல. குவாரி ரோட்டுலதான் பந்தல் போட்டு ஒக்காந்துகினு கீறோம். ஒம்போது நாளாச்சு. உங்க மொதலாளி இன்னைக்கு என்ன தூது சொல்லி அனுப்பினாரு?

ஆங்... ஆங்... எங்க ஊர் பக்கம் இனிமே வெடி வெக்க மாட்டாரு. சரி. ஆந்திரா பக்கம்?... அது அவங்க பாடா? ஏண்ணே, ஒரே மலை. இந்தாண்ட வெச்சா எங்க செவுரு விரிசல் வுடுது, அந்தாண்ட வெச்சா அவங்க செவுரு விரிசல் வுடுது.

என்னாது... எனக்கு மட்டும் புது வூடா?... வேணும்ணே, யாரு வேணான்னா. வெடி சத்தம் கேக்குறப்பல்லாம் புள்ளைங்கள இழுத்துகினு வெளிய ஓடறேன். பயம்தான், ஒளிக்கல. அதுக்காவ ஆந்திரா பக்கத்து பங்காரு பாவாவையும் அவரு ஊர் ஜனங்களையும் வுட்டுட்டு தனியா வந்து பேச மாட்டேன். பேச்சுவார்த்தைக்கு நாற்காலி போட்டா ரெண்டு ஊருக்கும் போடச் சொல்லுங்க... ஆமா, காலையில நீங்க கையெழுத்து கேட்டு அனுப்புன ஒப்பந்த பேப்பர அப்பவே அவங்களுக்கு வாட்சப்புல அனுப்பிட்டேன். அனுப்பாம?

யாரு... பங்காரு பாவாவா? நேத்தே கையெழுத்து போட்டுட்டாரா?... அவங்க பந்தலையும் பிரிச்சாச்சா? நீங்க கண்ணால பாத்தீங்களா?... ஓ, இப்ப மொதலாளி பக்கத்துல ஒக்காந்து டீ குடிச்சிகினு கீறாரா. ஆங்... ஆங்...

அண்ணே, மூணு வருசம் முன்னாடியும் இதே கதைதான். எங்ககிட்ட அவங்க போட்டுட்டாங்கன்னீங்க, அவங்ககிட்ட நாங்க போட்டுட்டோம்னீங்க. ரெண்டு ஊரும் நம்பி எழுந்து போனோம். மறுநாளே வெடி... இருங்க, நான் பேசி முடிச்சிடறேன். தணிகை மலையில கற்பூரம் அடிச்சி சத்தியம் பண்ணாலும் இந்த தபா நம்ப மாட்டேன். அதான் மொத நாளே ஆள மாத்திகினோம். எங்க தங்கவேலு அவங்க பந்தல்ல ஒக்காந்துகினு கீறான். அவங்க ஆளு ஒருத்தர் எங்க பந்தல்ல.

யாருன்னா கேக்குறீங்க? குடுக்கறேன், இருங்க. பாவா, சாப்பாட்ட அப்பால பாத்துக்கலாம், இப்படி வாங்க. நீங்க நேத்தே கையெழுத்து போட்டுட்டீங்களாம், மொதலாளிகூட டீ குடிக்கிறீங்களாம். தெலுங்குலயே கேளுங்க, அண்ணனுக்குப் புரியும்.

பேசுங்கண்ணே, பங்காரு பாவா பக்கத்துலதான் கீறாரு... ஹலோ?... ஹலோ?...

வெச்சுட்டாரு பாவா. நீங்க போயி சாப்புடுங்க.