படலையடியில் ஒரு சிரட்டைத் தண்ணீர்

கொழும்பில் ஜப்பான்காரரின் குண்டு விழுந்த மாதம். உரும்பிராய்ச் சங்கக்கடையில் அரிசிக்கு நின்ற வரிசையில், எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். மூத்தவர் சொன்னார்:

"அண்ணையின்ரை பிள்ளையள் மூண்டும் இப்ப செம்பிலை தண்ணி குடிக்கினமில்லை."

"ஏனக்கா?"

"தாயில்லாத பிள்ளையள். அண்ணைக்குக் கொழும்புக் கந்தோரிலை லீவு இல்லை. முந்தி எங்கடை பனையிலை கள்ளுச் சீவினவன், பிறகு அங்கை துறைமுகத்திலை வேலைக்குப் போனவன், அவன்தான் கூட்டிக்கொண்டு வந்தவன். ரயிலிலை இடமில்லாமல் பாதி வழி நடந்தவையாம்."

"பிறகு?"

"பிள்ளையளுக்குச் செம்பிலை தண்ணி கொண்டு போனன். அவனுக்குச் செம்பைக் குடுக்கேலுமோ? வழக்கம் போலை வேலிப் படலைக்கு வெளியிலை தேங்காய்ச் சிரட்டையிலை வாத்தன். அவன் குடிக்கேல்லை. சிரட்டையைச் சின்னவளிட்டை நீட்டினான். மூண்டு பேரும் அதிலைதான் குடிச்சினம். வழி முழுக்க அவையள் குடிச்ச மிச்சந்தான் அவனுக்காம்."

வரிசை ஓரடி நகர்ந்தது.

"நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"என்னத்தைச் சொல்ல? மிச்சத்தை அவன் குடிச்சு முடியுமட்டும் செம்பும் கையுமா நிண்டனான்."



"அந்தச் சிரட்டை இப்ப எங்கை?"

"அடுப்படியிலை. செம்புக்குப் பக்கத்திலை."