எடை போட்ட மரம்

பெரிய காஞ்சிபுரத்தில் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற முசரவாக்கத்துக்காரர் தன் சிநேகிதரிடம் சொன்னார்: "நாலு நாளா ஒரே மரத்தை எடை போட்டுக்கினு இருந்தேன்பா."

"மரத்தையா? எதுக்குபா?"

"காத்துல இருக்கிற கரியை, கார்பன்னு சொல்றாங்களே அதை, காடு எவ்ளோ இழுத்து வெச்சிருக்குதுன்னு காலேஜ் வாத்தியார் ஒருத்தர் பார்க்கறாரு. இலை தனி, கிளை தனி, வேர் தனின்னு தராசுல வெச்சோம்."

"நிக்கிற மரத்தை எப்படிபா எடை போட்டீங்க?"

"வெட்டித்தான். அந்த ஒண்ணை வெச்சு மொத்தக் காட்டுக்கும் கணக்குப் போட்டாரு."

"மீதி மரமாவது நிக்குதே."

"எங்க நிக்குது? நேத்து போனா, காட்டைக் குத்தகைக்கு எடுத்தவன் ஆளுங்க எல்லாத்தையும் வெட்டி லாரியில ஏத்திக்கினு இருந்தாங்க. வாத்தியார் அப்படியே தரையில உக்காந்துட்டாரு."

"அழுதாரா?"

"இல்லபா. நாங்க வேர் தோண்டின குழியை மூடச் சொன்னாரு. மூடினோம்."