வான்டர்மோலன் சகோதரர்களின் இரண்டு கார்கள்

என் பெயர் மேக்சின் டெர்வில். வயது 58. மிச்சிகன் மாநிலம், ஓவாசோ ஊரில் பைன் தெருவில் தனியாக வசிக்கிறேன். பழைய கார்களைப் பார்வையிட்டு, சேகரிப்பவர்களுக்கு அவற்றின் தரம் சொல்வது என் தொழில்.

சென்ற சனிக்கிழமை காலை, ஓரின் வான்டர்மோலன் என்பவர் அழைத்ததன் பேரில் அவருடைய பண்ணைக்குப் போனேன். கார் கொட்டகையில் அவரும் அவருடைய தம்பி க்ளைடும் இருந்தார்கள். அண்ணனுடைய காடிலாக் எல்டொராடோவும் தம்பியுடைய கான்டினென்டலும் அருகருகே நின்றன. இரண்டும் 1956ஆம் வருடத்தவை. வெளியே பனி கொட்டியதால் பெரிய கதவைத் தாழிட்டிருந்தார்கள். எது உயர்ந்த கார் என்ற தகராறில், ஒரே வீட்டிலிருந்தும் இரண்டு வருடமாகத் தனித்தனியே சமைத்துச் சாப்பிடுவதாக ஓரின் சொன்னார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அதன் பிறகு இரண்டையும் பார்த்துவிட்டு, காடிலாக்குக்கு மினுக்கும் அதிகம், உதிரி பாகமும் எளிதில் கிடைக்கும், ஆனால் கான்டினென்டல் குறைவாகவே செய்யப்பட்டது, கைவேலையும் நேர்த்தி, சேகரிப்பவருக்கு அதுவே மேல் என்று சொன்னேன்.

க்ளைட் கைதட்டி, “கேட்டியாண்ணே? ஒன் வண்டிக்கு வாலுதான் நீளம்” என்றார்.

ஓரின், “வாயால ஓட்டாதடா. எஞ்சினப் போடு. எவன் மொதல்ல நிறுத்தறானோ அவன் வண்டி மட்டம்” என்றார்.

அதன் பிறகு இருவரும் அவரவர் காரில் ஏறி எஞ்சினைக் கிளப்பினார்கள். கொஞ்ச நேரத்தில் புகையால் எனக்குத் தலை கனத்தது. கதவைத் திறக்கச் சொன்னேன். இருவரும் என் பக்கம் திரும்பவில்லை. ஒருவரையொருவர் பார்த்தபடி இருந்தார்கள். நான் பக்கத்துச் சிறு கதவைத் திறந்து வெளியே போய், அதைத் திறந்தே விட்டேன். க்ளைட் இறங்கி வந்து, “போறவங்க போகட்டும், குளிரு உள்ள வருது” என்று சொல்லி உள்ளே தாழ் போட்டார்.

அதன் பிறகு கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. என் காருக்கு ஓடி அவசர உதவிக்குப் போன் செய்தேன். ஜாக்கிக் கம்பியை எடுத்து வந்து ஜன்னல் கண்ணாடியை உடைத்தேன். அப்போது ஒரு எஞ்சின் சத்தம்தான் கேட்டது. காடிலாக் ஓடிக்கொண்டிருந்தது. ஓரின் ஸ்டீயரிங்கில் தலை சாய்த்துக் கிடந்தார். கான்டினென்டல் நின்றிருந்தது, அதன் கதவு திறந்திருந்தது. க்ளைட் சிறு கதவின் அடியில் கிடந்தார். அவருடைய ஒரு கை தாழ்ப்பாளுக்கு நேராகக் கதவில் சாய்ந்திருந்தது. தீயணைப்புப் படையினர் வந்து கதவை உடைத்தார்கள். ஓரினுக்கு மூச்சு இருந்தது; புகையின் நச்சால் க்ளைட் இறந்துவிட்டதாக மருத்துவர் சொன்னார்.

இன்று காலை ஓரினைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனேன். தம்பி இறந்த வருத்தத்தைத் தெரிவித்தேன்.

“அதெல்லாம் சொல்லிட்டாங்கம்மா. எந்த எஞ்சின் மொதல்ல நின்னுச்சு? நீங்க பாத்தீங்கல்ல?” என்று கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. சொன்னால் அவர் ஜெயித்துவிட்டதாக நினைப்பார். கோட்டை எடுத்துக்கொண்டு நேரே இங்கு, காவல் நிலையத்துக்கு வந்தேன். அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்லியிருக்கிறேன்.

நான் கண்டதும் கேட்டதும் இவ்வளவே. படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது.

(ஒப்பம்) மேக்சின் டெர்வில்